இடிந்த சுவரும் இடியாத சுவரும்

(நமது பங்கின் ஜூபிலி விழாவையொட்டி, திருவான்மியூரில் நடைபெற்ற விசுவாசக் கருத்தரங்கில் பங்கு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"சமுதாய நெருக்கடிகளின் நடுவே கிறிஸ்தவ விசுவாசத்தில் நிலைத்திருத்தல்" என்ற தலைப்பில் பேசும்படி பங்குத் தந்தை என்னைப் பணித்தார். நான் வேதசாஸ்திரம் படித்தவனல்ல. அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு காலந்தள்ளி ஓய்வு பெற்றவன். நெல்லைச் சீமையிலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்து, பெசன்ட் நகர் பஸ்ஸுக்கும் கடற்கரைக் காற்றுக்கும் பழகி, இந்தத் திருவான்மியூரையே சொந்த ஊராக்கிக் கொண்டவன். எனவே பிரசங்கம் செய்யப் போவதில்லை. எனக்குத் தெரிந்ததையும், எனக்கு நேர்ந்ததையும் மட்டும் சொல்லுகிறேன்.

நெருக்கடி என்றதும் நமக்கு என்ன நினைவு வருகிறது? நம் அக்கம்பக்கத்தார் பெரும்பாலும் வேறு சமயத்தவர். மருந்தீசுவரர் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. அலுவலகத்தில் ஆயுத பூஜை. பக்கத்து வீட்டில் கிரகப்பிரவேசம். பிள்ளைகளின் பள்ளியில் பல விழாக்கள். இவற்றின் நடுவே நம் விசுவாசத்தை எப்படிக் காப்பது என்று பலரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இத்தனை ஆண்டு வாழ்ந்த அனுபவத்தில் சொல்லுகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாளும் என் விசுவாசத்தைக் கெடுத்ததில்லை. கிறிஸ்துமசுக்கு நாம் பலகாரம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். பொங்கலுக்கு அவர் கரும்பு கொடுத்தால் நாம் வாங்கிக்கொள்வோம். அவருடைய வழிபாட்டில் பங்கு கொள்ள என்னால் இயலாது என்று ஒருமுறை பணிவாகச் சொன்னேன். அவர் அதைப் புரிந்துகொண்டார், மதிக்கவும் செய்தார். என் விசுவாசத்தை உண்மையில் ஆட்டம் காணச் செய்தவர்கள் வேறு. என்னோடு அதே திருப்பலியில் அதே நற்கருணை வாங்குகிறவர்கள். என் இரத்த உறவுகள். எல்லோருக்கும் மேலாக, நானே. இதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

உடையும் உள்ளமும்

நம் பக்கத்து மயிலாப்பூரில் 1656ஆம் ஆண்டு ஒரு முதிய குருவானவர் இறைவனடி சேர்ந்தார். இத்தாலி தேசத்தில் பிறந்து, 1606ல் மதுரைக்கு வந்து, தத்துவ போதகர் என்று தமிழ்ப் பெயர் பூண்ட ராபர்ட் தெ நோபிலி சுவாமி அவர்கள். காவி உடுத்தினார், மரக்கறி உணவு உண்டார், தமிழும் வடமொழியும் கற்றார். பூணூலும் குடுமியும் சந்தனமும் நாட்டு வழக்கங்கள். அவற்றை விட்டால்தான் கிறிஸ்தவன் ஆகலாம் என்று சொல்லலாகாது என வாதாடினார். அவரை எதிர்த்தவர் பலர். இறுதியில் 1623ல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். இன்று நாம் கோயிலில் பொங்கல் வைப்பதற்கும், குத்துவிளக்கு ஏற்றுவதற்கும், தமிழ்ப் பண்ணில் பாடுவதற்கும் அவர் போன்றவர்கள் போட்ட பாதையே காரணம். தமிழனாய் இருப்பதற்கும் கிறிஸ்தவனாய் இருப்பதற்கும் பகையில்லை என்று காட்டியவர் அவர். அந்த நன்றியை நாம் மறக்கக்கூடாது.

ஆனால் அந்த உடையோடு கூடவே வேறொன்றும் கோயிலுக்குள் வந்துவிட்டது. உயர்குலத்தார்க்கு ஒரு குரு, தாழ்த்தப்பட்டோர்க்கு வேறு குரு என்ற வழக்கம் மதுரை மிஷனில் ஏற்பட்டது. சுவிசேஷம் எல்லோரையும் சென்று சேரவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்த ஏற்பாடு அது. ஆயினும் நெல்லோடு களையும் வளர்ந்தது. நாம் பண்பாடு என்று சொல்லுவதில் இரண்டு வகை உண்டு. கோலம் போடுவதும், வாழையிலையில் உண்பதும், பெரியோரைப் பணிவதும் ஒரு வகை. அவற்றால் யாருக்கும் தாழ்வில்லை. இன்னாரை வீட்டுக்குள் விடாதே, இன்னார் வீட்டில் கை நனைக்காதே, இன்னாருக்குப் பெண் கொடாதே என்பது இன்னொரு வகை. முதலாவதை மகிழ்ச்சியோடு வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதற்கு ஞானஸ்நானத் தொட்டியருகே விடை கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தோமா?

வடக்கன்குளத்தின் இரண்டு கதைகள்

நெல்லை மாவட்டத்தில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர். அந்த ஊருக்கு இரண்டு கதைகள் உண்டு. முதல் கதையை நீங்கள் அறிவீர்கள்.

1712ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டர், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் பணி செய்தவர், உயர்குலம், செல்வாக்கு மிக்க குடும்பம். 1741ல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்பு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான தெலனாய் என்ற டச்சுப் படை அதிகாரி அவருக்கு நண்பரானார். வீட்டில் அடுக்கடுக்காய் வந்த இழப்புகளால் மனம் நொந்திருந்த நீலகண்டருக்கு, அவர் யோபுவின் கதையைச் சொன்னார். அந்த விதை முளைத்தது. 1745 மே மாதம் வடக்கன்குளத்தில் புத்தாரி என்ற சேசுசபைக் குருவின் கையால் நீலகண்டர் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று வைத்தார்கள். அவருடைய துணைவியாரும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார்.

அதன்பின் அவர் என்ன செய்தார்? ஞாயிறுதோறும் பூசைக்குப் போய்விட்டு, மற்ற நாட்களில் பழைய நீலகண்டராகவே இருந்திருந்தால் ஒருவேளை அவரை விட்டிருப்பார்கள். ஆனால் அவரோ ஒடுக்கப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார். மனிதரில் ஏற்றத்தாழ்வில்லை என்று போதித்தார். இது மேற்குலத்தாரின் சினத்தைக் கிளறியது என்று உரோமையின் குறிப்பே சொல்லுகிறது. 1749 பிப்ரவரியில் சிறைப்பட்டார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராய் இழிவுபடுத்தினார்கள். மூன்று ஆண்டு காலம் சித்திரவதை. 1752 ஜனவரி 14ந் தேதி ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கமானார். 2012 டிசம்பர் 2ந் தேதி முத்திப்பேறு பெற்றவர் என்றும், 2022 மே 15ந் தேதி புனிதர் என்றும் திருச்சபை அவரை உயர்த்தியது. இந்திய மண்ணில் பிறந்த பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர். குருவல்ல, துறவியல்ல, மனைவியோடு குடும்பம் நடத்தி, அலுவலுக்குப் போய் வந்த நம்மைப் போன்ற ஒருவர்.

இப்போது இரண்டாவது கதை. அதே வடக்கன்குளத்தில் 1872ல் பெரிய கோயில் ஒன்று எழும்பியது. பீடம் ஒன்று, ஆனால் மக்கள் நிற்க இரண்டு தனித்தனி மண்டபங்கள், இடையே சுவர். ஒரு சாதியார் இந்தப் பக்கம், மற்றச் சாதியார் அந்தப் பக்கம். இரு பக்கத்தாரும் பீடத்தைப் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க முடியாது! எந்த ஊரில் தேவசகாயம் தம் குலப்பெருமையைத் தண்ணீரில் கரைத்தாரோ, அதே ஊரில் அவருடைய விசுவாசத்தின் பிள்ளைகளுக்கு நடுவே கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார்கள். அந்தச் சுவரை 1910ல் கௌசானல் சுவாமி அவர்கள் இடித்துத் தள்ளினார். அதற்கு எழுந்த எதிர்ப்பு கொஞ்சமல்ல. தங்கள் உரிமை பறிபோயிற்று என்று ஒரு சாரார் வழக்குப் போட்டார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை வந்தது. கிறிஸ்தவக் கோயிலுக்குள் சாதி உரிமை கோரி வந்தவர்களுக்கு நீதிமன்றம் துணை நிற்கவில்லை.

சகோதரரே, சற்று எண்ணிப் பாருங்கள். வழக்குப் போட்டவர்கள் விசுவாசம் இல்லாதவர்களா? செபமாலை சொன்னவர்கள், ஒருசந்தி பிடித்தவர்கள், கோயிலுக்குக் காணிக்கை கொடுத்தவர்கள். கிறிஸ்துவை மறுதலி என்று ஓர் அரசன் கத்தியை உருவியிருந்தால், அவர்களில் பலர் கழுத்தை நீட்டியிருப்பார்கள். ஆனால், 'பக்கத்தில் நிற்கிறவனைச் சகோதரனாக ஏற்றுக்கொள்' என்றபோது அவர்களால் முடியவில்லை.

அந்தியோக்கியாவில் ஒரு பந்தி

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ணவேண்டாம். அர்ச். சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை இன்றிரவு எடுத்து வாசியுங்கள். அந்தியோக்கியாவில் இராயப்பர் புறவினத்தாரோடு ஒரே பந்தியில் உண்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சி, அந்தப் பந்தியிலிருந்து மெல்ல விலகினார் இராயப்பர். அவரைப் பார்த்து மற்றவர்களும் விலகினார்கள். சின்னப்பர் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார்.

இராயப்பர் யார்? திருச்சபையின் பாறை; பின்னாளில் உரோமையில் உயிரையே கொடுத்தவர். அப்படிப்பட்டவரும் ஒரு பந்தியில், நாலு பேர் பேச்சுக்கு முன்னால் தடுமாறினார். சிங்கத்தின் வாயை விட இந்த நாலு பேரின் வாய் நம்மை அதிகம் பயமுறுத்துகிறது. "நாலு பேர் என்ன சொல்லுவார்கள்?" தமிழ்க் கிறிஸ்தவனின் பத்துக் கட்டளைகளுக்கு மேல் பதினோராவது கட்டளையாக இதுவே நிற்கிறது.

என் வீட்டுச் சுவர்

இதுவரை ஊர்க் கதை சொன்னேன். இனி என் கதை. இதைச் சொல்லுவதற்கு என் மகளிடம் அனுமதி கேட்டே வந்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், என் மகளை மணக்க விரும்பி ஒரு வாலிபர் பெரியவர்களோடு என் வீட்டுக்கு வந்தார். நல்ல படிப்பு, நல்ல வேலை, குடிப்பழக்கம் கிடையாது. சிறுவயதிலிருந்து பீடத்தில் உதவி செய்தவர். என் தாயார் காலமானபோது பெட்டியைத் தூக்கிய தோள்களில் அவருடைய தோளும் ஒன்று. என் மகளுக்கும் சம்மதம். நான் காப்பி கொடுத்து, யோசித்துச் சொல்லுகிறேன் என்று அனுப்பிவிட்டேன். பிறகு வீட்டில் சொன்னேன்: "பையன் தங்கமானவன்தான். ஆனால் ஊரில் நான் எப்படித் தலை காட்டுவேன்?" காரணம் உங்களுக்கு விளங்கியிருக்கும். அவர் எங்கள் சாதியல்ல.

என் மனைவி அதிகம் பேசுகிறவள் அல்ல. அன்று ஒன்று கேட்டாள். "வேறு மதத்துப் பையன் வந்திருந்தால், ஞானஸ்நானம் வாங்கினால் கட்டிக் கொடுக்கலாம் என்றுதானே சொல்லியிருப்பீர்கள்? இந்தப் பையன் பிறந்த மாதமே ஞானஸ்நானம் வாங்கினவன். அவனுக்குக் கொடுத்தது தண்ணீரா, தீர்த்தமா? உங்களுக்குக் கொடுத்தது எது?"

எனக்குக் கோபம் வந்தது. பதில் வரவில்லை. பதினெட்டு மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவிடாமல் வைத்திருந்தேன். அந்தப் பதினெட்டு மாதமும் நான் தவறாமல் பூசைக்கு வந்தேன், நற்கருணை வாங்கினேன். சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று குருவானவர் சொன்னபோது, அந்த வாலிபரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக் கை குவித்தோம். என் மகள் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. என் நிலை அந்தப் பழைய வடக்கன்குளத்தார் நிலைதான். பீடத்தைப் பார்த்தேன், பக்கத்தில் நிற்கிறவரைப் பார்க்கவில்லை.

2013ஆம் ஆண்டு கோடையில் சிலர் சேர்ந்து வேன் அமர்த்திக்கொண்டு கோட்டாற்றுக்கும் காற்றாடி மலைக்கும் யாத்திரை போனோம். வழியில் வடக்கன்குளம். கோயிலில் முழந்தாளிட்டிருந்தபோது, ஒரு பெரியவர் அந்தச் சுவரின் கதையை மெல்லச் சொன்னார். நான் மறுபடி பீடத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் தலை குனிந்தேன். தேவசகாயம் இங்கே தம் குலத்தையும் வேலையையும் உயிரையும் இழக்கத் துணிந்தார். என்னிடம் கேட்கப்பட்டது என்ன? உறவுக்காரர் நாலு பேருடைய முகச்சுளிப்பைத் தாங்கிக்கொள்ளும்படி மட்டுமே. அதற்கே எனக்குப் பதினெட்டு மாதம் போதவில்லை!

திரும்பி வந்து நானே அந்த வாலிபர் வீட்டுக்குப் போனேன். அவருடைய தகப்பனாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை உட்காரவைத்துச் சோறு போட்டார். கலியாணம் நம் கோயிலிலேயே நடந்தது. நகை நட்டு, சீர் செனத்தி என்று அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

எல்லாம் சுபமாய் முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். என் அண்ணன் கலியாணத்துக்கு வரவில்லை. இன்றுவரை என் வீட்டில் கை நனைக்கவில்லை. எங்கள் ஊர்த் திருநாளுக்குப் போனால் சிலர் என்னோடு பேசுவதில்லை. மகள் என்னை மன்னித்துவிட்டாள். ஆனாலும் அந்தப் பதினெட்டு மாதத்தை நான் அவளுக்குத் திருப்பிக் கொடுக்க முடியுமா? இதுதான் நெருக்கடி. விசுவாசத்தில் நிலைத்திருக்க விலை உண்டு. நான் காலந்தாழ்த்தியதால், என் விலையில் ஒரு பங்கை என் பெண் கொடுத்தாள்.

ஜூபிலி என்றால் என்ன?

தனி மனிதன் தடுமாறலாம். திருச்சபை தெளிவாகப் பேசியிருக்கிறது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களிடம் பேசிய பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர், சாதிப் பிரிவினையைத் தாங்கிப் பிடிக்கும் எந்த வழக்கத்தையும் கேள்விக்கு உட்படுத்தவேண்டும் என்று வலியுறுத்தினார். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கை ஏடு வெளியிட்டது. தேவசகாயம் புனிதராக உயர்த்தப்படுமுன், விசுவாசிகள் சிலர் எடுத்துச் சொன்னதன் பேரில், அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை உரோமை நீக்கிவிட்டது. பீடத்தில் அவர் இன்று வெறும் தேவசகாயம்.

இத்தனைக்கும் இடையில்தான் 2008 மார்ச்சில், அந்நாளைய விழுப்புரம் மாவட்டத்து இறையூரில், கத்தோலிக்கரும் கத்தோலிக்கரும் சாதியால் மோதி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டார்கள். ஆவணங்கள் வெளிவருகின்றன; சுவர்கள் நிற்கின்றன. ஏனென்றால் சுவர் வீட்டுக்குள் இருக்கிறது. கௌசானல் சுவாமி கோயில் சுவரைத்தான் இடிக்க முடிந்தது. வீட்டுச் சுவரை வீட்டுக்காரன்தான் இடிக்கவேண்டும்.

சென்னைப் பட்டணத்தில் சாதி எங்கே இருக்கிறது என்று இளைஞர்கள் கேட்பார்கள். தரமணிப் பக்கம் கம்ப்யூட்டர் அலுவலகத்தில் யாரும் யார் சாதியையும் கேட்பதில்லை, உண்மை. ஆனால் வாடகைக்கு வீடு தேடும்போது கேட்கிறார்கள். வரன் தேடும்போது, 'ஆர்.சி.' என்று எழுதி, அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு சொல்லையும் எழுதுகிறோம். முதல் சொல் நம் விசுவாசம். இரண்டாம் சொல் நம் நிபந்தனை. எந்தச் சொல் பொருந்தாவிட்டால் கடிதத்தைக் கிழித்துப் போடுகிறோம் என்று அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் ஜூபிலியைப் பற்றிச் சொல்லுகிறது. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதவேண்டும், அடிமைகளை விடுவிக்கவேண்டும், இழந்த நிலத்தை உரியவனுக்குத் திருப்பித் தரவேண்டும். ஆக, யாருக்காவது விடுதலை கிடைத்தால்தான் அது ஜூபிலி. சீரியல் விளக்கும் அன்னதானமும் மலரும் நல்லவைதான். அவற்றோடு மூன்று காரியங்களை உங்கள் முன் தாழ்மையாக வைக்கிறேன்.

முதலாவது, நம் பங்கில் வரன் தேடிக் கொடுப்பவர்களும் தேடுகிறவர்களும் அந்த இரண்டாம் சொல்லைக் கேட்பதில்லை, எழுதுவதில்லை என்று தீர்மானிப்போம். இரண்டாவது, அன்பியக் கூட்டம் நடக்கும்போது செபத்தோடு கலைந்துவிடாமல், மாதம் ஒருமுறையாவது ஒருவர் வீட்டில் ஒருவர் சேர்ந்து உண்போம். கடலோரத்து ஓட்டு வீட்டிலும் உண்போம். லிஃப்ட் வைத்த மாடி வீட்டிலும் உண்போம். அந்தியோக்கியாவில் உடைந்தது பந்தி. நாம் ஒட்டவைக்க வேண்டியதும் பந்திதான். மூன்றாவது, 1961லேயே வரதட்சணையைச் சட்டம் தடை செய்துவிட்டது. சட்டத்துக்குப் பயந்து பெயரை மாற்றி வாங்குவதை நாம் சுவிசேஷத்துக்குப் பயந்து விட்டுவிடுவோம்.

இவை பெரிய காரியங்களல்ல. நம்மை யாரும் காற்றாடி மலைக்கு இழுத்துப் போகப் போவதில்லை. உறவினர் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஊரில் ஏதாவது பேசுவார்கள். அவ்வளவே. பரங்கிமலையில் இரத்தம் சிந்தினார் என்று நாம் போற்றும் அர்ச். தோமையாரின் நிழலில் வாழும் நாம், இந்தச் சிறு விலையைக் கொடுக்கத் தயங்கலாமா?

நாளை விழாத் திருப்பலியில் சமாதானம் பகிரும் நேரம் வரும். பழக்கப்பட்ட முகங்களுக்கு மட்டும் கை குவித்துவிட்டு நின்றுவிடாதீர்கள். இரண்டு வரிசை தள்ளி நிற்கிறவரையும் பாருங்கள். அடுத்த ஞாயிறு அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். அவர் கூப்பிட்டால் போங்கள்.

புனித தேவசகாயம் நமக்காக மன்றாடுவாராக.